ஆட்டத்துள் தோன்றிய முகங்கள்

மக்கள் எத்தனை முறை கண்டாலும் சலிக்காத காட்சி ஒன்று உண்டென்றால் அது மனித முகமே. மலையும் கடலும் முதல் நாளில் வியப்பைத் தரும். பத்தாம் நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். முகத்தின் இயல்பு வேறு. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா, அவர் உள்ளம் இசைகின்றதா மறுக்கின்றதா என்பதை அவருடைய புருவத்தின் சிறு அசைவைக் கொண்டே எதிரில் நிற்போர் அறிந்துகொள்வர். உள்ளத்தில் நிகழ்வது உடலின்மேல் வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனியோர் இயலையே வகுத்து வைத்தது தொல்காப்பியம். நாடகக் கலை என்னும் மாளிகை முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல் எழுப்பப்பட்டதே ஆகும்.

இன்றைய இளைஞர் பெரிதும் விரும்பும் கணினி விளையாட்டுக்கும் இத்தொன்மையான கலைக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. 1990களின் முற்பகுதி தொடங்கி அப்பத்தாண்டின் இறுதி வரையில் மேலைநாடுகளில் வெளிவந்த கணினி விளையாட்டுகள் பலவற்றில், வரைந்த உருவங்களுக்குப் பதிலாக மெய்யான நடிகர்களே தோன்றினர். படப்பிடிப்புக் கூடத்தில் ஒப்பனை செய்து, ஒளி பாய்ச்சி, கமராவின் முன் நடித்துப் பதிவுசெய்த காட்சிகள் ஆட்டத்தின் நடுவே வந்து போயின. ஆடுபவர் ஒரு கதவைத் திறந்தால், அதன் பின்னே நின்ற மனிதர் அவரை நோக்கிப் பேசினார். அவ்வகை விளையாட்டுகள் பின்னர் அருகி மறைந்தன. ஆயினும், அவற்றை இளமையில் ஆடியவர்கள், நாற்பது ஐம்பது வயதை எட்டிய பின்பும் அவற்றை மறந்தாரில்லை. பழைய இறுவட்டுகளைத் தேடி வாங்குகின்றனர்; அவற்றில் நடித்தோரின் பெயர்களை நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்வேக்கத்தின் காரணம் யாது, அது மதிக்கத்தக்கதா, தெல்லிப்பழை போன்ற ஓர் ஊர் அதிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பார்ப்பவனையும் கதைக்குள் இழுத்துவிட வேண்டும் என்ற ஆசை கணினிக்கு முற்பட்டது. 1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், செக்கோசுலோவாக்கிய நாட்டினர் தமது மண்டபத்தில் ஒரு புதுமையான திரைப்படத்தைக் காட்டினர். ராடூஸ் சின்செரா என்பவர் வகுத்த திட்டம் அது. ஒவ்வோர் இருக்கையிலும் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்றாக இரண்டு பொத்தான்கள் இருந்தன. கதையின் முக்கியமான இடங்களில் படம் நிற்கும். படத்தில் நடித்த நடிகரே மேடையில் தோன்றி, அடுத்து நிகழவேண்டியது யாது எனச் சபையோரைக் கேட்பார். பெரும்பான்மையோர் அழுத்திய பொத்தானுக்கேற்பக் கதை தொடரும். இரண்டு படங்காட்டும் பொறிகள் ஒருங்கே ஓடிக்கொண்டிருக்க, வேண்டாத ஒன்றின் கண்ணை மூடிவிடுவதே அதன் சூட்சுமம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதை சற்றுச் சுற்றிவந்து ஒரே பாதையிற் சேர்ந்துவிடும் என்பதைச் சபையோர் அறியார். தெரிவு என்பது ஒருவகை மாயையாயினும், திரையில் நடித்த மனிதர் நேரில் வந்து கேட்டார் என்பதே மக்களுக்குப் பெரு மகிழ்ச்சியை அளித்தது.

இந்த ஆசையைக் கணினி நிறைவேற்றுவதற்கு நெடுங்காலம் சென்றது. அதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. 1990களின் தொடக்கத்தில் பெரும்பாலான விளையாட்டுகள் நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்டன. அவ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைற் மட்டுமே. அதில் வண்ணப் புள்ளிகளால் அமைந்த ஒரு சிறு வீரனையும் அவன் தாவிக் குதிப்பதற்குச் சில படிகளையும் அடக்கலாம். ஒரு மனிதர் வாய் திறந்து பேசும் காட்சியை அடக்க இயலாது. பின்னர் இறுவட்டு வந்தது. ஏறத்தாழ 450 நெகிழ்வட்டுகளின் சுமையைத் தனியொன்றாகத் தாங்கி, 650 மெகாபைற் கொள்ளும் அந்தத் தட்டைக் கண்டு தொழிலோர் மயங்கினர். இனி முழுத் திரைப்படத்தையே விளையாட்டுக்குள் வைத்துவிடலாம் எனக் கருதினர்.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்லிற்று. அக்காலத்துக் கணினித் திரையை முழுவதும் நிரப்பி அசையும் வண்ணப்படத்தைச் சுருக்காமற் பதிவுசெய்தால், ஒரு செக்கனுக்கு 20 மெகாபைற்றுக்கு மேல் வேண்டும். அவ்வளவில் ஓர் இறுவட்டு முழுவதும் அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். மேலும், தொடக்ககால இறுவட்டுப் பொறி ஒரு செக்கனில் 150 கிலோபைற் அளவையே வாசித்துத் தரவல்லது. ஆகவே படத்தை நூறு மடங்குக்கும் கூடுதலாகச் சுருக்க வேண்டியதாயிற்று. படத்தின் அகலத்தைக் குறைத்தனர், நிறங்களைக் குறைத்தனர், செக்கனுக்குக் காட்டும் படங்களின் தொகையையும் குறைத்தனர். நடிகர்களின் முகங்கள் அஞ்சல் தலையிற் பதித்தவை போலச் சிறுத்தும், மழைக்காலக் கண்ணாடியூடாகத் தெரிபவை போல மங்கியும் தோன்றியமைக்கு இதுவே காரணம்.

இக்குறையையே அழகாக்கிக் கொண்டோரும் இருந்தனர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏழாவது விருந்தாளி’ என்னும் விளையாட்டு, பாழடைந்த மாளிகை ஒன்றில் உலவும் ஆவிகளைப் பற்றியது. நடிகர்களை நீலத்திரையின் முன் நிறுத்திப் படம் பிடித்து, பின்னர் அவர்களைக் கணினி வரைந்த மாளிகைக்குள் வைத்தபோது, உருவங்களின் ஓரத்தில் நீல நிறம் ஒட்டிக்கொண்டு நீங்க மறுத்தது. ஆவிகளுக்கு அந்த ஒளிவட்டம் பொருத்தமே எனக் கருதி அவ்வாறே விட்டுவிட்டனர். அதே ஆண்டில் ‘மிஸ்ற்’ என்னும் விளையாட்டை ஆக்கிய ரான்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர் இருவரும், கதையில் வரும் பாத்திரங்களைத் தாமே நடித்தனர். மாயப் புத்தகம் ஒன்றைத் திறந்தால், அதன் பக்கத்திலுள்ள சிறு சதுரத்தில் ஒரு மனிதன் சிறைப்பட்டு நின்று, தன்னை விடுவிக்குமாறு இரந்து பேசுவான். பொறியின் வேகம் போதாமையால் நேர்ந்த அந்தச் சிறு சதுரம், கதையிலே சிறையாகிவிட்டது. அவ்விளையாட்டின் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் பிற்காலத்தில் விற்பனையாயின.

பின்னர்ப் பெருஞ்செலவில் முயற்சிகள் தொடர்ந்தன. 1994இல் வெளிவந்த ‘விங் கொமாண்டர்’ தொடரின் மூன்றாம் விளையாட்டில், ‘ஸ்ரார் வார்ஸ்’ திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற மார்க் ஹமில் கதாநாயகனாக நடித்தார். அதற்கு நான்கு இறுவட்டுகள் தேவைப்பட்டன. 1995இல் ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் அம்மையார் எழுதிய ‘ஃபான்ராஸ்மகோரியா’ ஏழு இறுவட்டுகளை நிரப்பியது. அதே ஆண்டு வெளிவந்த ‘கொமாண்ட் அன்ட் கொங்கர்’ என்ற போர் விளையாட்டில், காட்சிகளை நெறிப்படுத்திய ஜோசப் குகன் என்பவரே எதிரணித் தலைவனாகவும் நடித்தார். 2010ஆம் ஆண்டு வரையில் அத்தொடரின் அடுத்தடுத்த பகுதிகளில் அப்பாத்திரத்தை ஏற்றவர் அவரே. பதினைந்து ஆண்டுகள் ஒரே மனிதரின் முகம் தம் கண்முன் முதிர்ந்து வருவதை ஆடுவோர் கண்டனர். வரைந்த வீரனுக்கு வயது ஏறுவதில்லை, இவருக்கு ஏறிற்று.

மெய்யான முகத்தின் வலிமையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றும் இக்காலத்தில் நிகழ்ந்தது. வீடியோ நாடாவில் இயங்கும் புதிய பொறி ஒன்றுக்காக 1987இல் படம் பிடிக்கப்பட்டு, அப்பொறி கைவிடப்பட்டமையால் நெடுநாள் கிடப்பிற் கிடந்து, 1992இல் வெளிவந்த விளையாட்டு ‘நைட் ட்ராப்’ என்பது. ஒரு வீட்டில் தங்கியுள்ள இளம்பெண்களை இரத்தங்குடிக்கும் பகைவரிடமிருந்து காப்பது ஆடுபவரின் பணி. 1993 டிசெம்பரில் அமெரிக்க செனற் சபையின் விசாரணையில் இவ்விளையாட்டு கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. சில பெரிய கடைகள் அதன் விற்பனையை நிறுத்தின. அடுத்த ஆண்டே விளையாட்டுகளை வயதுக்கேற்பத் தரம் பிரிக்கும் சபை ஒன்று அந்நாட்டில் அமைக்கப்பட்டது. இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. வரைந்த அரக்கர்களையும் வரைந்த வீரர்களையும் ஆயிரக்கணக்கிற் கொன்று குவித்த விளையாட்டுகள் அதற்கு முன்னரும் இருந்தன. அவற்றைக் கண்டு இவ்வளவு கொதித்தார் இலர். மெய்யான ஒரு பெண் மெய்யான குரலில் அலறியதைக் கேட்டபோதே பெரியோர் திடுக்கிட்டனர். முகத்திற்கு உள்ள ஆற்றலை எதிர்ப்பாளரும் அறியாமலே ஒப்புக்கொண்டனர் எனலாம். அதே விளையாட்டு 2017இல் மீண்டும் வெளியிடப்பட்டபோது அத்தகைய கூக்குரல் எழவில்லை.

இவ்வகை விளையாட்டுகளின் வாழ்வு குறுகியதாயிற்று. 1990களின் பிற்பாதியில், முப்பரிமாண உருவங்களை அக்கணத்திலேயே வரைந்து காட்டவல்ல பொறிகள் பெருகின. பதிவுசெய்த காட்சி, நடிகர் நடித்தவாறே என்றும் நிற்கும். ஆடுபவர் அதைச் சுற்றி நடக்க முடியாது, வேறு கோணத்திலிருந்து காண முடியாது. முப்பரிமாண உருவமோ ஆடுபவரின் விருப்பத்திற்கெல்லாம் வளைந்தது. நடிகருக்கு ஊதியம், ஒப்பனை, காட்சியமைப்பு என்று செலவும் மிகுந்திருந்தது. ஆகவே முதலிட்டோர் கைவிட்டனர், முகங்கள் மறைந்தன.

உலகின் ஒரு பகுதியில் இவை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தெல்லிப்பழை எவ்வாறு இருந்தது? 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. போர் காரணமாக வலிகாமம் வடக்கின் மக்கள் அவ்வாண்டிலேயே வீடுவாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். பாடசாலைகளும் இடம்பெயர்ந்து இயங்கின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்நாள்களில் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் இருந்தன, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். எங்கேனும் ஒரு மின்பிறப்பாக்கி கிடைத்தால், எரிபொருள் தீரும்வரை ஊரே கூடி ஒரு படத்தைப் பார்த்தது. இறுவட்டும் கணினியும் அவ்வாண்டுகளில் இம்மண்ணுக்கு எட்டாத பொருள்கள்.

ஆயின், இம்மண்ணின் பிள்ளைகளுக்கு அவை எட்டாமற் போகவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பாரிசிலும் குடியேறிய குடும்பங்களின் சிறுவர், புதிய மொழியின் சொற்களைப் பாடசாலையிற் பாதியும் இத்தகைய திரைகளிற் பாதியுமாகக் கற்ற காலம் அது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்ற நீண்ட மாலைகளில், பனி மூடிய சன்னலுக்கு இப்பால் அமர்ந்திருந்த ஒரு சிறுவனை நோக்கித் திரையிலிருந்து ஒரு மனிதர் பேசினார். அவனுடைய விடைக்காகக் காத்தும் நின்றார். ஊரில் இருந்திருந்தால் திண்ணையில் ஒரு பாட்டனார் அக்கடமையைச் செய்திருப்பார். அச்சிறுவர் இன்று பிள்ளைகளைப் பெற்றோராய், கோடை விடுமுறையில் துர்க்கையம்மன் தேருக்கு வருகின்றனர். அவர்களுடைய ஏக்கத்தில் விளையாட்டின் சுவையோடு தனிமையின் நினைவும் கலந்திருப்பது வியப்பன்று.

இனி, அந்த ஏக்கம் மதிக்கத்தக்கதா என்னும் வினாவுக்கு வருவோம். நடுநிலை நின்று நோக்கினால், அவ்விளையாட்டுகளிற் பல நல்ல கலைப்படைப்புகள் அல்ல. நடிப்பு மிகையாகவோ உயிரற்றதாகவோ இருந்தது. நடிக்கப் பயின்றோர் சிலர். அலுவலகத்தில் வேலை பார்த்தோர் பலர். ‘ரெக்ஸ் மர்பி’ என்னும் துப்பறிவாளர் தொடரின் நாயகனாக நடித்த கிறிஸ் ஜோன்ஸ் என்பவர், அந்நிறுவனத்தின் நிதிக்கணக்குகளைக் கவனித்துவந்தவரே. தெரிவுகளும் மொன்றியல் நகரத்துப் பொத்தான்களைப் போலப் பெரும்பாலும் ஒரே முடிவுக்கே கொண்டு சென்றன. இளமையின் நினைவு எதனையும் மினுக்கிக் காட்டும் என்பதும் உண்மையே. சிறுவயதில் உண்ட பனங்கிழங்கின் சுவை இன்றைய கிழங்கில் இல்லை என்று முதியோர் சொல்வதில், கிழங்கின் குற்றம் எவ்வளவு, நாவின் குற்றம் எவ்வளவு என்று அளந்தவர் யார்?

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. 2012ஆம் ஆண்டு அதே துப்பறிவாளர் தொடருக்கு மேலும் ஒரு விளையாட்டை ஆக்க விரும்பி, அதன் படைப்பாளர்கள் பொதுமக்களிடம் பணம் வேண்டினர். ஏறத்தாழ 6 இலட்சம் டொலர் சேர்ந்தது. 2014இல் புதிய விளையாட்டு வெளிவந்தபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் கண்ட அதே நாயகன், நரை கூடிய தோற்றத்தோடு மீண்டும் தோன்றினார். அவரினும் திறமையான நடிகர் ஒருவரை அமர்த்தியிருக்கலாம். பணம் கொடுத்தோர் அவரையே கேட்டனர். திறமையைக் காண விரும்புவோர் திரைப்படம் பார்க்கலாம். இவர்கள் விரும்பியது தெரிந்த ஒருவரை மீண்டும் சந்திப்பதை.

இந்த மனநிலை வடபுலத்து மக்களுக்குப் புதிதன்று. கூத்து மேடையிலே கட்டியகாரன் அரசனிடமும் பேசுவான், சபையோரிடமும் பேசுவான். அண்ணாவியார் பழக்கிய ஆட்டத்தில் அரச வேடம் புனைந்து வருபவர், பகலிலே தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிய அயலவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபடியாற் சுவை குன்றுவதில்லை; கூடுகிறது. தெல்லிப்பழைக்கு அணித்தான காங்கேசன்துறையிற் பிறந்து, 1924 முதல் 1989 வரை வாழ்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் ‘மயான காண்டம்’ என்னும் இசைநாடகத்தை, முடிவு தெரிந்தே மக்கள் மீண்டும் மீண்டும் சென்று கண்டனர். மகனின் உடலைச் சுடுவதற்கு மனைவியிடமே கூலி கேட்டு நிற்கும் அரிச்சந்திரனின் கதை ஊருக்குப் பழங்கதை. அந்த வரியை அந்த மனிதர் அந்த இரவில் எவ்வாறு பாடுவார் என்பதைக் காணவே சாக்கும் பாயும் கொண்டுபோய் விடிய விடிய அமர்ந்தனர். கதையின் முடிவை மாற்றும் பொத்தான் எதுவும் அவர்கள் கையில் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அழுத்தியிரார்.

ஆகவே, பழைய விளையாட்டுகளைப் பற்றிய ஏக்கத்தின் வேர், தன்னைப் போன்ற ஒரு மனிதர் தன்னை நோக்கிப் பேசினார் என்னும் நினைவிலே இருக்கிறது. மங்கிய படத்திலும் அவர் கண் இமைத்தது தெரிந்தது; பேச்சுக்கு முன் அவர் மூச்சு வாங்கியதும் தெரிந்தது. வரைந்த உருவங்கள் இன்று மிக நுட்பமாகிவிட்டன. வியர்வைத் துளியையும் காட்டுகின்றன. எனினும், அந்தத் துளி காட்டுவது வரைந்தவரின் திறமையை. படம்பிடித்த நாளில் ஒரு நடிகருக்கு வியர்த்தது என்றால் அது அந்த நாளின் சாட்சி. ஏக்கம் கொள்வோர் இவ்வேறுபாட்டைச் சொல்லில் வகுத்துரைக்க மாட்டாராயினும், உள்ளத்தில் உணர்ந்திருக்கின்றனர்.

புதிய தலைமுறைப் படைப்பாளரும் இதனை உணர்ந்தனர். 2015இல் சாம் பார்லோ என்பவர் ஆக்கிய ‘அவளுடைய கதை’ என்னும் விளையாட்டில், ஒரு பெண் பொலிஸாரின் விசாரணைக்கு விடையளிக்கும் சிறு சிறு ஒளிப்பதிவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆடுபவர் ஒரு சொல்லை எழுதித் தேடினால், அச்சொல் வரும் பதிவுகள் கிடைக்கும். ஒரே நடிகையின் முகத்தை மணிக்கணக்காக உற்றுநோக்கி, எது மெய் எது பொய் என்று தேர்வதே ஆட்டம். 2022இல் அவரே ஆக்கிய ‘இம்மோர்ட்டாலிற்றி’, வெளிவராது போன மூன்று திரைப்படங்களின் துண்டுகளிலிருந்து, காணாமற்போன நடிகை ஒருத்தியின் வரலாற்றைத் தேடச் சொல்கிறது. காணாமற்போன முகத்தைப் பழைய பதிவுகளில் தேடுதல் என்னும் கருவை, இந்நாட்டு மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏக்கம் வெறும் பெருமூச்சாக நின்றுவிடாமற் செயலாக மாறியமையும் குறிப்பிடத்தக்கது. இறுவட்டு காலத்தால் கெடும். அதை இயக்கிய பழைய கணினிகளோ இன்று அரிதாயின. 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஸ்கம்விஎம்’ என்னும் கூட்டுமுயற்சியில், தன்னார்வலர் பலர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு, பழைய விளையாட்டுகள் புதிய பொறிகளிலும் இயங்குமாறு செய்துவருகின்றனர். ‘ஃபான்ராஸ்மகோரியா’வின் ஏழு தட்டுகளும் ‘ஏழாவது விருந்தாளி’யின் நீல ஆவிகளும் இவ்வாறே அழியாமல் நிற்கின்றன. விளையாட்டுத்தானே என்று அவர்கள் இகழ்ந்துவிடவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. ஒரு நடிகரின் முகத்தையும் குரலையும் ஒருமுறை பதிவுசெய்துகொண்டு, அவர் பேசாத சொற்களை அவரே பேசுவதாகச் செயற்கை நுண்ணறிவினாற் காட்டுவது இன்று இயல்வதாயிற்று. இதற்கு எல்லை வகுக்க வேண்டுமெனக் கோரி, விளையாட்டுகளிற் பணியாற்றும் அமெரிக்க நடிகர்கள் 2024 யூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 2025 யூன் வரை, ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் நீடித்தது. தமது சம்மதமும் தமக்குரிய ஊதியமும் இன்றித் தமது சாயலைப் பயன்படுத்தலாகாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். முகம் ஒருவரின் உடைமை என்ற உண்மையைச் சட்டத்தின் மொழியிற் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது.

இனித் தெல்லிப்பழையை நோக்குவோம். போருக்குப் பின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிவந்தோர் சுவர் இடிந்த வீடுகளைக் கண்டனர். சுவரை மீண்டும் எழுப்பலாம், எழுப்பியும் விட்டனர். அச்சுவரில் தொங்கிய படங்களை மீட்க வழியில்லை. மணக்கோலத்தில் நின்ற பாட்டியும், தலைப்பாகையோடு நின்ற பாட்டனாரும், பாடசாலை நாடகத்தில் வேடமிட்டு நின்ற பிள்ளையும் அவ்வீடுகளோடே போயினர். 1910ஆம் ஆண்டு மகாஜனக் கல்லூரியை நிறுவிய பாவலர் துரையப்பாபிள்ளை அவர்கள் தாமே நாடகமும் எழுதியவர். நாடகப் பற்று அவ்வளவு ஆழமாக வேரூன்றிய ஊர் இது. ஆயினும் இவ்வூர் மேடைகளில் நின்றோர் அசைந்ததையும் பேசியதையும் காட்டக்கூடிய பதிவுகள் மிகச் சிலவே. 1977இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ போன்ற திரைப்படங்களில் அக்காலத்து யாழ்ப்பாணத்தின் தெருவையும் முகத்தையும் இன்றும் காணமுடிகிறதென்றால், கமரா ஒன்று அன்று அங்கே இருந்தமையே காரணம்.

முற்காலத்திற் கமரா செல்வரின் பொருள்; இன்றோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைத்தொலைபேசி, ஏழு இறுவட்டுகளிலும் அடங்காத காட்சிகளைத் தெளிவாகப் பதிவுசெய்கிறது. வசதி பெருகிற்று, பதிவு பெருகியதா? விருந்துகளும் ஊர்வலங்களும் பதிவாகின்றன. மூதாட்டி ஒருத்தி ஒப்பாரி பாடுவதையும், முதியவர் ஒருவர் தாம் ஏற்ற பாத்திரத்தின் அடிகளை மறந்து, தலையைச் சொறிந்து, மீண்டும் நினைவுகூர்வதையும் பதிவுசெய்தோர் எத்தனை பேர்? அவர்கள் மறந்து நிற்கும் அந்தக் கணத்திற்கும் மதிப்புண்டு. மங்கிய பழைய விளையாட்டுகள் கற்பிக்கும் பாடமே அது: படம் தெளிவாக இல்லாவிடினும், நடிப்பு சிறக்காவிடினும், மெய்யான மனிதர் அதில் இருந்தால் இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னும் ஒருவர் அதைத் தேடி வருவார்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. வீட்டு அலுமாரியிற் கிடக்கும் வீடியோ நாடாக்களை, அவற்றை ஓட்டும் பொறி ஒன்றேனும் ஊரில் எஞ்சியிருக்கும்போதே புதிய வடிவிற்கு மாற்றுதல் முதலாவது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அன்று அனுப்பிய திருமணப் பதிவின் பிரதி அங்கே பத்திரமாக இருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பெறலாம். முதியோரிடம் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு, ஒருநாள் மாலை அவர்களைப் பேசவிட்டுப் பதிவுசெய்தல் இரண்டாவது. பதிவில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரங்களை எழுதிவைத்தல் மூன்றாவது. பெயரில்லாத முகம் ஒரு தலைமுறைக்குள் அந்நியமாகிவிடும். பாடசாலை மாணவர் விடுமுறைக் காலத்தில் இப்பணியை மகிழ்ச்சியோடு செய்வர். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்த வடுவைத் தாங்கிய சமூகமே, 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கிப் பல்லாயிரம் ஏடுகளைக் காத்துவருகிறது. ஏட்டுக்குச் செய்த தொண்டை முகத்திற்கும் குரலுக்கும் அவ்வளவு ஊக்கத்தோடு செய்தல் தகும்.

ரொறன்ரோவிலிருந்து வரும் பேரப்பிள்ளை, தன் தந்தை இளமையில் ஆடிய பழைய விளையாட்டைக் கையடக்கப் பொறியில் திறந்து, நரைத்த நடிகர் ஒருவரைக் கண்டு நகைக்கலாம். அவ்வேளையில் அருகிருக்கும் பாட்டியார், தமது தந்தையார் கூத்தில் எவ்வாறு நின்றார் என்று எழுந்து நின்று காட்டத் தொடங்கினால், அப்பிள்ளை தன் கையிலுள்ள பொறியைத் திருப்பி அவர் பக்கம் பிடிக்கட்டும். அவருடைய பெயரையும் அன்றைய திகதியையும் சேர்த்தே அதிற் சொல்லிவைக்கட்டும்.